மின்சார மோட்டார் வண்டி: தோற்றதேன்? ஜெயித்ததேன்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் "மின்சார மோட்டார் வண்டி" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி விழாக் கமிட்டியார் நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதில் தப்பில்லை. நாம் காலேஜ் வாசலை மிதித்தவரல்ல. பதினான்காவது வயதில் ஒரு மோட்டார் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, திராவகம் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டையாகி, அந்த ஓட்டை ஏன் விழுந்தது என்று கேட்கப்போய்ப் புத்தகம் படிக்க ஆரம்பித்தவர். அந்த யோக்கியதையோடுதான் பேச வந்திருக்கிறோம். ஆகவே நாம் சொல்லுவதை, நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அந்தப் பட்டறைக் காலத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். ஒரு நாள் காலையில் ஒரு லாரி கிளம்ப மறுத்தது. முதல் நாள் பூனை குறுக்கே போயிற்று என்றார் லாரிக்காரர். உடனே பூசணிக்காய் உடைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அது நடந்து கொண்டிருக்கையில் நாம் பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி, கம்பியை இறுக்கி முடுக்கி வைத்தோம். சாவியைத் திருப்பினார்கள், வண்டி கிளம்பிற்று. பெயர் எலுமிச்சம்பழத்துக்கு, நமக்கு டீக்காசு!

ஆனால் தோழர்களே! எலுமிச்சம்பழத்தின் மேல் நமக்கு ஒன்றும் விரோதமில்லை. இதோ இந்த மேஜையின் மேல் நான்கு பழங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும், மறுபக்கம் செம்புக் கம்பி ஒன்றும் குத்தியிருக்கிறோம். ஒரு பழத்தின் ஆணியை அடுத்த பழத்தின் கம்பியோடு சேர்த்திருக்கிறோம். கடைசியில் சேர்ந்திருக்கும் இந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். எரிகிறதா இல்லையா? மந்திரம் சொன்னோமா? இல்லை. பழத்துக்குள் மின்சாரம் ஒளிந்திருக்கிறதா? அதுவும் இல்லை. துத்தநாகம் புளிப்பில் கரைகிறது. கரையும்போது சக்தியை விடுகிறது. அந்தச் சக்திதான் கம்பி வழியே ஓடி விளக்காய் எரிகிறது. ஆணியின் துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் விளக்கும் தீர்ந்தது. பேட்டரி என்பது இவ்வளவுதான். உலகத்தில் ஓடுகிற மின்சார வண்டிகள் எல்லாம் இந்த எலுமிச்சம்பழத்தின் பேரப்பிள்ளைகளே ஆகும். ஒரே பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்தால் நசுங்குகிறது. அதில் இரண்டு உலோகத்தைக் குத்தினால் விளக்கு எரிகிறது. வித்தியாசம் பழத்தில் இல்லை. அதைக் கையாளும் மூளையில்தான் இருக்கிறது.

நிற்க, இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். இத்தாலி தேசத்தில் பொலோனா நகரத்தில் கால்வானி என்று ஓர் ஆசிரியர் இருந்தார். செத்த தவளையின் காலில் இரண்டு உலோகங்கள் பட்டபோது அது துடித்ததைக் கண்டார். பிராணிகளின் உடம்பிலேயே ஒருவித மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். பாவியா நகரத்து வோல்ட்டா முதலில் அதை ஒப்புக்கொண்டார், பிறகு சந்தேகப்பட்டார். "மின்சாரம் தவளையிலிருந்து வந்ததா? அல்லது இரண்டு வேறு வேறு உலோகங்கள் ஈரத்தின் வழியே சேர்ந்ததால் வந்ததா?" என்பதே அவருடைய சந்தேகம். தவளையையே எடுத்துவிட்டுப் பார்த்தார். வெள்ளி அல்லது செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். மின்சாரம் வந்தது. 1800-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அதுதான் முதல் பேட்டரி.

இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் பாதிதான் சரி. நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்பது பின்னால் ருசுவாயிற்று. வோல்ட்டாவோ உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே போதும், அதற்காக எதுவும் செலவாவதில்லை என்று நினைத்தார். அது தப்பு என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். வோல்ட்டா பெரியவராயிற்றே, அவர் வாக்குப் பொய்யாகலாமா என்று யாரும் பாஷ்யம் எழுதவில்லை. அவருடைய தப்பைத் தள்ளிவிட்டு, சரியை மாத்திரம் எடுத்துக் கொண்டு மேலே போனார்கள். இப்படிப் போனதால்தான் இன்று வண்டி ஓடுகிறது.

இந்த இடத்தில் சிலர் எழுந்து, "இதெல்லாம் நம் அகத்தியரே செய்து வைத்ததுதான், மண் பானையில் செம்புத் தகடும் துத்தநாகமும் வைத்துப் பேட்டரி செய்யும் முறை அவருடைய நூலில் இருக்கிறது" என்று சொல்லுகிறார்கள். வாஸ்தவமாகவே இருக்கட்டும். நாம் கேட்பது ஒரே கேள்வி. வோல்ட்டா 1800-ல் பேட்டரியைப் பற்றி எழுதினார். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு தண்ணீரை இரண்டு வாயுக்களாய்ப் பிரித்தார்கள். 1807-ல் டேவி என்பவர் அதைக் கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தார். 1837-ல் இங்கிலாந்தில் மின்சாரத் தந்தி ஓடிற்று. பேட்டரி பிறந்த 40 வருஷத்துக்குள் இவ்வளவு பிள்ளைகள்! அகத்தியர் பேட்டரி பிறந்து எத்தனையோ ஆயிரம் வருஷமாயிற்று என்கிறீர்களே, அதன் பிள்ளை எங்கே? பேரன் எங்கே? எரிந்த விளக்கு எங்கே? போன தந்தி எங்கே? வெள்ளைக்காரன் செய்து காட்டிய மறுநாள்தானா ஏட்டில் எழுத்துத் தெரிய வேண்டும்? பிறத்தியான் வீட்டுப் பிள்ளைக்கு நாம் பெயர் வைத்துக் கொண்டாடுவதைவிட, நம் வீட்டில் ஏன் பிள்ளை பிறக்கவில்லை என்று யோசிப்பதே மானமுள்ளவர் வேலையாகும்.

இனி வண்டிக்கு வருவோம். வோல்ட்டாவின் பேட்டரி ஒரு தடவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1859-ல் பிரான்சு தேசத்துப் பிளாந்தே என்பவர், ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் போட்டு, தீர்ந்த பிறகு மறுபடியும் மின்சாரம் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். மின்சாரம் செலவாகும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. வெளியிலிருந்து மின்சாரத்தை எதிராகச் செலுத்தினால் மறுபடியும் பழைய நிலைக்கு வருகின்றன. நம் சட்டையில் ஓட்டை போட்ட பேட்டரி இதன் வம்சந்தான். 1881-ல் ஃபோர் என்பவர் தகட்டின் மேல் ஈயக் களிம்பைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அதே வருஷத்தில் திரூவே என்பவர் பாரிஸ் வீதியில் மின்சார மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். பென்ஸ் தமது பெட்ரோல் வண்டிக்குப் பேடண்ட் கேட்டதோ 1886-ல். ஆகவே மின்சார வண்டி நேற்றுப் பிறந்த அதிசயம் என்று நினைக்கிறவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது, அண்ணன் மின்சார வண்டி. தம்பி பெட்ரோல் வண்டி என்பதே.

1899-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி பாரிசுக்கு அருகில் ஷெனாட்சி என்ற பெல்ஜியர் ஒரு வண்டியில் மணிக்கு 105 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டினார். நூறு கிலோ மீட்டரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி அதுதான். அது பெட்ரோல் வண்டியல்ல, மின்சார வண்டி. அதற்கு அவர் வைத்த பெயருக்கு "ஒருநாளும் திருப்தியடையாதவள்" என்று அர்த்தம். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வருவோம். 1900-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4192. அவற்றில் நீராவி வண்டி 1681. மின்சார வண்டி 1575. பெட்ரோல் வண்டி 936. பெட்ரோல்தான் கடைசி!

அப்படியானால் ஜெயித்துக் கொண்டிருந்தவன் தோற்றதேன்? விதியா? கிரகக் கோளாறா? காரணங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது, பாரம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ ஈயப் பேட்டரியில் அடங்குவது 30, 40 தான். பெட்ரோல் எஞ்சின் தான் தின்பதில் முக்கால் பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. மின்சார மோட்டாரோ பத்தில் ஒரு பங்கைத்தான் வீணடிக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதேயாகும். ஆகவே மின்சார வண்டி ஈயத்தைச் சுமக்கிற கழுதையாய் இருந்தது. 30, 40 மைல் போனால் மறுபடியும் கட்டிப்போட்டுத் தீனி போட வேண்டும். தீனி போட மின்சாரம் பட்டணத்தில் மாத்திரமே இருந்தது, கிராமத்தில் கிடையாது. பெட்ரோலையோ டப்பாவில் அடைத்து மளிகைக் கடையிலும் விற்கலாம். 1901-ல் டெக்சாசில் பெரிய எண்ணெய் ஊற்றுப் பீறிட்டது முதல் எண்ணெய்க்கும் பஞ்சமில்லாமல் போயிற்று.

இரண்டாவது, விலை. ஃபோர்டு 1908-ல் கொண்டு வந்த டி மாடல் வண்டியை 1913 முதல் ஓடும் வரிசை முறையில் செய்து விலையைக் குறைத்துக் கொண்டே போனார். 1912-ல் ஒரு மின்சார வண்டி 1750 டாலர் என்றால் பெட்ரோல் வண்டி 650 டாலருக்குக் கிடைத்தது. ஏழை எதை வாங்குவான்?

எடிசன் சும்மா இருக்கவில்லை. ஈயத்தை ஒழித்து இரும்பும் நிக்கலும் கொண்டு பேட்டரி செய்வேன் என்று புறப்பட்டார். 1903-ல் விற்பனைக்கு விட்டார், அது ஒழுகிற்று, சக்தியும் குறைந்து போயிற்று. விற்றதைத் திரும்பப் பெற்றுக் கொண்டு, மறுபடியும் பல வருஷம் பாடுபட்டு 1909-ல் நல்ல பேட்டரியைக் கொண்டு வந்தார். அது அநேக வருஷம் உழைத்தது. ஆனால் அதற்குள் பந்தயம் முடியும் தறுவாயில் இருந்தது.

மூன்றாவது காரணத்தைத் தாய்மார்கள் கவனமாய்க் கேட்க வேண்டுகிறோம். அக்காலத்தில் பெட்ரோல் வண்டியைக் கிளப்ப முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். அது திருப்பியடித்தால் கை ஒடியும். மின்சார வண்டிக்கு அந்த வம்பு இல்லை, புகையில்லை, சத்தமில்லை. இது நல்ல வண்டி என்பதற்கு அடையாளமல்லவா? ஆனால் கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? "இது பெண்களுக்கு ஏற்ற வண்டி" என்று விளம்பரம் செய்தார்கள். பெண் என்றால் கடைக்கும் சிநேகிதி வீட்டுக்கும் போய் வருவாள். அவளுக்கு ஏன் அதிக தூரம், ஏன் அதிக வேகம் என்பது அவர்கள் எண்ணம். உள்ளே பூச்சாடியும் பட்டு மெத்தையும் வைத்தார்கள். பெட்ரோல் வண்டிக்காரரான ஃபோர்டின் மனைவியே மின்சார வண்டியைத்தான் ஓட்டினார். விளைவு என்ன? பெண்கள் வண்டி என்று பெயர் வாங்கிய வண்டியை வாங்க ஆண்பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள்! கை ஒடிந்தாலும் ஒடியட்டும், மீசை கெடக்கூடாது என்பதுதான் அந்த ஆண்மை! ஒரு பொருளைப் பெண்ணோடு சேர்த்துச் சொன்னதும் அதன் மதிப்புக் குறைந்து போவது நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தமான வியாதியல்ல என்று தெரிந்து கொள்ளுங்கள்.

கடைசி அடிதான் வேடிக்கை. கெட்டரிங் என்பவர் 1911-ல் ஒரு சின்ன மின்சார மோட்டாரையும் பேட்டரியையும் வைத்துப் பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பிக் காட்டினார். 1912-ல் காடிலாக் வண்டியில் அது வந்தது. கைப்பிடி சுற்றும் கஷ்டம் தீர்ந்தது. மின்சார வண்டிக்கு இருந்த பெரிய சௌகரியமும் தீர்ந்தது. ஆகவே மின்சார வண்டியைக் கொன்ற கூட்டத்தில் மின்சாரப் பேட்டரியும் ஒன்று! கோடரிக்காம்பு என்று நாம் சொல்லுவது இதைத்தான். அதன் பிறகு இங்கிலாந்தில் வீடு வீடாய்ப் பால் கொடுக்கும் வண்டி, சரக்குக் கிடங்கு வண்டி என்று மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. 1971-ல் சந்திரனில் மனிதன் ஓட்டிய வண்டியும் மின்சார வண்டியே. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். அங்கே காற்று ஏது?

இனி, செத்தவன் பிழைத்த கதை. 1973-ல் எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. எண்ணெய்க் கம்பெனியான எக்சான் கம்பெனியே நாளைக்கு என்ன செய்வது என்று பயந்து ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது. அங்கே விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி, உலோகங்களிலெல்லாம் லேசான லித்தியத்தைக் கொண்டு பேட்டரி செய்தார். அது 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தது. ஆனால் அடிக்கடி தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து வந்து சலித்து, இனி அணைக்கும் மருந்துக்கு நீங்களே பணம் கொடுக்க வேண்டும் என்று பயமுறுத்தும்படி ஆயிற்று. பின்பு எண்ணெய் விலை இறங்கவே கம்பெனிக்கும் அக்கறை போயிற்று.

1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃப் என்பவர் கோபால்ட் ஆக்சைடைச் சேர்த்து அதை 4 வோல்ட்டாக்கினார். இந்த மனிதர் சிறுவயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறியவர். யுத்தத்திலிருந்து திரும்பிப் பௌதிகம் படிக்கப் போனபோது, உமக்கு வயதாகிவிட்டது என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அவர் இதைக் கண்டுபிடித்தபோது வயது 57. நோபல் பரிசு வாங்கியபோது 97. தலையெழுத்து என்று நெற்றியைத் தடவுகிறவர்கள் இவருடைய வயதையாவது நினைத்துக் கொள்ளட்டும். 1985-ல் ஜப்பானில் யோஷினோ என்பவர், தீப்பிடிக்கும் லித்திய உலோகத்தையே எடுத்துவிட்டு, பெட்ரோலியக் கரியை வைத்தார். லித்தியம் அயனியாக மாத்திரம் இந்தப் பக்கம் கரிக்கும் அந்தப் பக்கம் ஆக்சைடுக்கும் ஊஞ்சல் போல் போய் வருகிறது. பேட்டரியின் மேல் ஒரு பெரிய இரும்பைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. லித்திய உலோகம் உள்ள பேட்டரியின் மேல் போட்டார், வெடித்தது. இதுவல்லவோ சத்தியப் பரீட்சை! 1991-ல் சோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த விழாவுக்கு முன் ஸ்டாக்ஹோமில் குடினஃபின் சார்பாக நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக் கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, அவரோடு கூட உழைத்த ஆறுமுகம் மந்திரம். ஆயிரம் அகத்தியர் பேட்டரியைவிட இந்த ஒரு மனிதரின் உழைப்பு நமக்குப் பெருமை. ஏனென்றால் இது சோதித்துப் பார்க்கக் கூடியது.

இதற்கு நடுவில் அமெரிக்காவில் நடந்த ஓர் அக்கிரமத்தையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா சர்க்கார் 1990-ல், புகையில்லாத வண்டிகளை ஒரு விகிதப்படி விற்றே ஆக வேண்டும் என்று விதி செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1996 முதல் ஈவி-1 என்ற மின்சார வண்டியை, 1117 எண்ணிக்கை செய்து, விலைக்கு விற்காமல் குத்தகைக்கு மாத்திரம் கொடுத்தது. கார்க் கம்பெனிகள் வழக்காடின. 2003-ல் விதி தளர்ந்தது. உடனே வண்டிகளைத் திரும்ப வாங்கி, சிலவற்றைக் காட்சிசாலைகளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டார்கள். "பணம் தருகிறோம், எங்களுக்கே விற்றுவிடுங்கள்" என்று 2005-ல் ஓட்டியவர்கள் வாசலில் காவலிருந்தும் கேட்கவில்லை. லாபமில்லை, உதிரி பாகம் கொடுக்க முடியாது என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. விஞ்ஞானம் கண்டுபிடித்துக் கொடுத்தாலும், அது ஜனங்களுக்குக் கிடைப்பது யார் கையில் இருக்கிறது பார்த்தீர்களா?

2008-ல் டெஸ்லா கம்பெனி, மடிக்கணினிக்குப் போடும் சின்னச் சின்னப் பேட்டரிகள் 6831-ஐச் சேர்த்து ஒரு வண்டியை ஓட்டிற்று. 2010-ல் நிசான் லீஃப் வந்தது. ஒரு கிலோவுக்கு 30, 40 என்றிருந்த சக்தி லித்தியத்தில் 150, 250 ஆயிற்று. 2010-க்குப் பிறகு பேட்டரி விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. 2024-ல் நார்வே தேசத்தில் விற்ற புது வண்டிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சார வண்டி. அதே வருஷத்தில் உலகத்தில் விற்றவற்றில், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த செருகுவண்டிகளையும் கூட்டினால், ஐந்தில் ஒன்றுக்கு மேல்.

ஆகவே மின்சார வண்டி ஜெயித்துவிட்டது, கை தட்டுங்கள் என்று சொல்லி முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் பகுத்தறிவு என்பது பிறத்தியான் மூட நம்பிக்கையை மாத்திரம் கேலி செய்வதல்ல. நாம் விரும்பும் பொருளையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும். "சுத்தமான வண்டி" என்கிறார்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியை எரித்து வந்தால் புகை வண்டியில் இல்லாமல் கரண்டு ஆலைக் குழாயில் இருக்கிறது. மோட்டார் குறைவாய் வீணடிப்பதால் அப்போதும் லாபம் உண்டு. ஆனால் முழுச் சுத்தம் காற்றிலும் வெயிலிலும் நீரிலும் மின்சாரம் எடுத்தால்தான். கோபால்ட் எங்கிருந்து வருகிறது? உலகக் கோபால்ட்டில் பத்தில் சுமார் ஏழு பங்கு காங்கோ தேசத்திலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறு குழந்தைகள் கல் பொறுக்கிக் கழுவுவதை 2016-ல் ஆம்னெஸ்டி சங்கத்தார் உலகத்துக்கு வெளிப்படுத்தினார்கள். ஒரு பிள்ளையின் முதுகில் ஏறிப் போகும் வண்டி புகை விடாவிட்டால் மாத்திரம் சுத்தமாகிவிடுமா?

இதற்கும் வழி இல்லாமலில்லை. 1997-ல் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் குடினஃபும், அவரோடு பாதி, நஞ்சுண்டசாமி முதலியவர்களும் கோபால்ட் இல்லாமல் இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட பேட்டரியை வெளியிட்டார்கள். சக்தி கொஞ்சம் குறைவு. விலையும் மலிவு, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. 2024-ல் உலக மின்சார வண்டிகளின் பேட்டரிகளில் ஏறக்குறையப் பாதி இந்த வகையே ஆகும். ஆகவே குழந்தை உழைப்பு என்பது விஞ்ஞானத்தின் கட்டாயமல்ல; மலிவைத் தேடும் மனிதனின் கட்டாயம். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் காய்ச்சும் ஏழைத் தொழிலாளியின் இரத்தத்தில் ஈயம் ஏறுவதும் அப்படியே. இதைக் கேட்காத பகுத்தறிவு அரைப் பகுத்தறிவே ஆகும்.

தோழர்களே! "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போதுமென்று இருந்திருந்தால் வோல்ட்டா தவளையோடு நின்றிருப்பார். எடிசன் ஒழுகின பேட்டரியோடு நின்றிருப்பார். குடினஃப் வயதாகிவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஷெனாட்சி தம் வண்டிக்கு வைத்த பெயரை நினைத்துப் பாருங்கள்: ஒருநாளும் திருப்தியடையாதவள்! அந்தத் திருப்தியின்மைதான் மனித அறிவு. அது வேகத்தில் மாத்திரம் திருப்தியடையாமல் இருந்தால் போதாது. நியாயத்திலும் திருப்தியடையாமல் இருக்க வேண்டும்.

இந்த நான்கு எலுமிச்சம்பழங்களையும் மேஜையிலேயே விட்டுப் போகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கட்டும். உலோகம் கரைந்த பழமாகையால் சர்பத்துக்கு மாத்திரம் ஆகாது.